தாழ்ப்பாளும் அடகு ரசீதும்: ஒரு சேலம் தம்பதியின் நிகழ்வு ஆய்வு

2025 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கணவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள தன் கொலுசுப் பட்டறையிலிருந்து வண்டியில் வந்தார். மனைவி பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் வந்தார். பாலியல் சிகிச்சை தரும் என் அறையில் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் மனைவியின் கைப்பை இருந்தது. பிறகு இருவரும் சேர்ந்து வந்தபோதெல்லாம், ஐந்தாம் சந்திப்புவரை அந்தப் பை அதே இடத்தில்தான் இருந்தது.

கணவருக்கு வயது 39. மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை. மனைவிக்கு 35, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இங்கேயும் அவரை டீச்சர் என்றே சொல்கிறேன். கல்யாணமாகி 12 வருடம், பத்து வயதில் ஒரு மகள், கூடவே கணவரின் அம்மா. இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் பேசியவர் கணவர். "எனக்கு நரம்புத் தளர்ச்சி மேடம். இவங்க மேல எந்தத் தப்பும் இல்லை." மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னார். டீச்சர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். 2024 தீபாவளிக்குப் பிறகு கணவருக்கு விறைப்பு நிற்பதில்லை. தொடங்கும், பாதியில் போய்விடும். அதற்கு முந்தைய 11 வருடங்களில் இப்படி ஒரு சிக்கலே இருந்ததில்லை. கடைசி மூன்று மாதமாக அவர் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். ராத்திரி பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லி, டீச்சர் தூங்கிய பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.

என்னிடம் வருவதற்கு முன்

இந்தப் பகுதியைச் சுருக்க எனக்கு மனமில்லை. நம் ஊரில் ஒருவர் சரியான இடத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை இடத்தில் தேய்ந்துபோகிறார் என்பது இதில் தெரியும்.

முதலில் போனது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டும் ஒரு லாட்ஜ் வைத்தியரிடம். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லக்கூடிய ஆண் எத்தனை பேர்? அந்தப் பழக்கத்தால்தான் நரம்பு தளர்ந்துவிட்டது, தாது நஷ்டமாகிவிட்டது என்று சொல்லி மூன்று மாதத்துக்கு லேகியம் கொடுத்தார். 18,000 ரூபாய் போனது. பணத்தைவிடப் பெரிய சேதம் ஒன்றும் நடந்தது: கணவர் இருபது வருடத்துக்கு முந்தைய தன் இளமைக்காலத்தைக் குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்கினார். "விந்து விட்டவன் நொந்து கெட்டான்" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர். சுய இன்பம் நரம்பைத் தளர்த்தாது, விந்து வெளியேறுவதால் உடல் பலம் போகாது. ஆனால் இந்தப் பயம் நம் நாட்டில் எவ்வளவு ஆழமானது என்றால், 1960-இல் மனநல மருத்துவர் என்.என். விக் இதற்கு தாது நோய் என்றே பெயர் வைத்தார். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலிலும் அந்தப் பெயர் ஏறியது.

அடுத்தது, நண்பர் சொல்லி மருந்துக்கடையில் வாங்கிய, விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை. முதல் தடவை வேலை செய்தது. ஆனால் அன்றிலிருந்து, "மாத்திரை இல்லாம முடியாது போல" என்ற நினைப்பும் ஒட்டிக்கொண்டது. ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாத மாத்திரை அது.

அப்புறம் தைரியத்துக்கு ஒரு கட்டிங். மது கூச்சத்தைக் குறைக்கும், விறைப்பையும் சேர்த்துக் குறைக்கும். அன்று நடந்ததும் அதுதான். டீச்சருக்கு அந்த வாசனையே ஆகாது என்பது தனிக்கதை.

கடைசியாக ஏற்காடு. "ரெண்டு நாள் போய் ரூம் போட்டுத் தங்கிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்று டீச்சரின் அக்கா சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். "ஒவ்வொரு பலகையா எண்ணிக்கிட்டே போனேன் மேடம். பரீட்சை ஹாலுக்குப் போற மாதிரி இருந்துச்சு." அறைக்குள் போனதும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மறுநாள் காலையில் ஏரியில் படகில்கூட ஏறாமல் இறங்கி வந்துவிட்டார்கள்.

உடல் பரிசோதனை

மனம்தான் காரணம் என்று நானாக முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை நோயும் இதய நோயும் பல ஆண்களிடம் முதலில் தலைகாட்டுவது விறைப்புக் குறைபாடாகத்தான். அதனால் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் எல்லாமே சரியாக இருந்தன. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். பெரும்பாலான நாட்களில் இருக்கிறது என்றார். ரத்தக் குழாயும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம். இதை விளக்கியபோது அவர் முகத்தில் நிம்மதியை எதிர்பார்த்தேன். வந்தது கலக்கம். "அப்போ என் மனசுலதான் கோளாறா?"

ஐந்து கேள்விகள் கொண்ட விறைப்புத் திறன் வினாத்தாளில் மொத்தம் 25 மதிப்பெண். 22-ம் அதற்கு மேலும் வந்தால் குறைபாடு இல்லை. அவருக்கு வந்தது 11. மனச்சோர்வு வினாத்தாளில் 27-க்கு 9, லேசான மனச்சோர்வு. டீச்சருக்குப் பெண்களுக்கான 19 கேள்வித் தாளைக் கொடுத்தேன். வலி இல்லை, ஈரப்பசையில் குறை இல்லை. ஆசையும் நிறைவும்தான் தரைமட்டத்தில் கிடந்தன.

தனித்தனியாக

இருவரையும் ஒருமுறை தனியாகச் சந்திப்பது என் வழக்கம். அதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: தனியாகச் சொல்வதை நான் மற்றவரிடம் சொல்ல மாட்டேன், ஆனால் அது சிகிச்சைக்குக் குறுக்கே நின்றால் நீங்களே சொல்லும்படி கேட்பேன்.

கணவர் உட்கார்ந்ததும் பர்ஸை எடுத்தார். நாலாக மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிய ஓர் அடகு ரசீது. டீச்சரின் அம்மா போட்ட ஏழு பவுன் ஆரம். வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய நாட்கள் அவை. இவரைப் போன்ற கூலிப் பட்டறைக்காரர்கள் வியாபாரியிடம் வெள்ளியை எடைபோட்டு வாங்கி, கொலுசாக்கி, எடைபோட்டே திருப்பிக் கொடுக்க வேண்டும். சேதாரம் என்று கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் குறைந்தால் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஒரு பெரிய ஆர்டரில் எடை குறைந்துவிட்டது. வேலைக்கு வந்த பையன் எடுத்தானா, உருக்கும்போது போனதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. விலை ஏறிய நேரத்தில் அந்தக் குறைவே பெரிய தொகையாகிவிட்டது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, டீச்சர் பள்ளிக்குப் போயிருந்தபோது பீரோவைத் திறந்திருக்கிறார்.

"தெரிஞ்சா என்னை எப்படிப் பாப்பாங்க மேடம்? அவங்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் எடை போடுற மாதிரியே இருக்கு."

மறுவாரம் டீச்சர் தனியாக வந்தார். அவர் முதலில் பேசியது தாழ்ப்பாளைப் பற்றி. படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து ஒன்றரை வருடமாகிறது. கதவு தானாகத் திறக்காமலிருக்க அடியில் ஒரு துணியைச் செருகி வைப்பார்கள். மகள் அதே அறையில் பாயில் படுக்கிறாள். ஹாலில் அத்தை. "ஒரு காது எப்பவும் வெளியிலதான் மேடம் இருக்கும். அத்தை இருமினாக்கூட எனக்கு எல்லாம் போயிடும்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் ஆரத்தை அவர் அடகு வச்சிருக்கார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது" என்றார். கார்த்திகையில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ள பீரோவைத் திறந்திருக்கிறார். பெட்டி காலி. தோட்டை மட்டும் போட்டுக்கொண்டு போனார். ஆரம் எங்கே என்று கேட்ட சித்தியிடம், "திருகு லூஸா இருக்கு, சரிபண்ணக் கொடுத்திருக்கு" என்று சமாளித்திருக்கிறார்.

இருவர் சொன்னதும் ஒரே ரகசியம். அது இப்போது என் மடியில் இருந்தது.

நான் செய்த தவறு

ரகசியத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-இல் எழுதிய தொடு உணர்வுப் பயிற்சி. சில வாரங்களுக்கு உடலுறவே கூடாது என்று தடை போட்டுவிட்டு, ஒருவரையொருவர் தொடுவதை மட்டும், எந்த இலக்கும் இல்லாமல் செய்யச் சொல்வது. முதலில் கை, முதுகு, தலை. அந்தரங்க உறுப்புகள் பிறகுதான். தேறவேண்டிய பரீட்சை இல்லையென்றால் தோல்விப் பயமும் இருக்காது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்தக் குழாய் சுருங்கும். விறைப்புக்கு அந்தக் குழாய் தளர்ந்திருக்க வேண்டும். கணக்கு சரிதான்.

இரண்டாம் வாரமே படுத்துவிட்டது. டீச்சர் சொன்னார்: "அவர் என் முதுகுல கை வச்சாரு. நான் அழுதுட்டேன். ஏன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லைன்னேன்." கணவர் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டது வேறு: தன் கை பட்டாலே அவளுக்கு அருவருப்பு.

நான் அவசரப்பட்டிருந்தேன். பேசாத பேச்சு நடுவில் கிடக்கும்போது தொடச் சொன்னது என் பிழை. அந்தப் பிழைக்கான விலையை ஒரு வாரம் அவர்கள் கொடுத்தார்கள்.

எப்படிப் புரிந்துகொண்டேன்

மாஸ்டர்ஸும் ஜான்சனும் கவனித்த ஒன்று இங்கே அப்படியே பொருந்தியது. சில ஆண்கள் உறவின்போது அதில் இருக்க மாட்டார்கள். வெளியே நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருகிறதா, நிற்கிறதா, போய்விடுமா. உளவியலாளர் டேவிட் பார்லோ 1980-களில் இதை ஆய்வகத்தில் சோதித்தார். இந்தச் சிக்கல் உள்ள ஆண்களிடம், பதற்றம் கவனத்தை இன்பத்திலிருந்து பிடுங்கித் தன் குறையின் மேல் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. சிக்கல் இல்லாதவர்களுக்கு அதே பதற்றம் சில நேரம் கிளர்ச்சியைக் கூட்டவும் செய்தது. நாளெல்லாம் மில்லிகிராம் தராசில் கண் வைத்திருக்கும் மனிதர், ராத்திரி அந்தத் தராசைப் படுக்கைக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். குற்ற உணர்வு அதில் இன்னொரு எடைக்கல். மனைவி முகத்தை நேராகப் பார்க்க முடியாததால் அவர் விளக்கை அணைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் பக்கம் நடந்தது இதற்கு எதிர்ப் படம். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டதால் கணவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தார். சில நாட்கள் வேறு யாராவது இருக்கிறார்களோ என்றும் தோன்றியிருக்கிறது. பாலியல் ஆய்வாளர்கள் ஜான் பான்கிராஃப்டும் எரிக் யான்செனும் பாலுணர்வை ஆக்சிலேட்டரும் பிரேக்கும் உள்ள வண்டியாகப் பார்த்தார்கள். பலரும் ஆக்சிலேட்டரை மிதிக்க வழி தேடுகிறோம்: லேகியம், மாத்திரை, ஏற்காடு. டீச்சரின் கால் முழுவதும் பிரேக்கில் இருந்தது. உடைந்த தாழ்ப்பாள், அத்தையின் இருமல், காலிப் பெட்டி.

ஆசை முதலில் வர வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம் என்ற எண்ணமும் டீச்சரை வாட்டியது. "எனக்கா தோணவே மாட்டேங்குது. நான் நார்மலா மேடம்?" நீண்ட காலம் சேர்ந்து வாழும் பெண்களில் பலருக்கு ஆசை பதிலாகத்தான் வரும், நெருக்கமும் தொடுதலும் தொடங்கிய பிறகுதான் எழும் என்று கனடாவின் மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-த்தில் எழுதியதை எளிமையாகச் சொன்னேன். டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

இன்னொன்று. செயல்பாடு வேறு, நிறைவு வேறு. ஆய்வாளர்கள் லாரன்ஸும் பயர்ஸும் 1995-இல் முன்வைத்த பார்வையில், பாலுறவில் நிறைவு என்பது கிடைப்பதும் இழப்பதும், அது இருவருக்கும் சமமாக இருக்கிறதா என்பதும் சேர்ந்தது. விறைப்பு ஒரு வரவு, அவ்வளவுதான். இந்த வீட்டில் செலவுப் பக்கம் எழுதப்படாமலே எட்டு மாதம் ஓடியிருந்தது. கணவருக்கு மாத்திரை வேலை செய்த அந்த ஒரு ராத்திரியிலும் டீச்சருக்கு நிறைவு இல்லை என்பதை அவர் பிறகுதான் சொன்னார்.

ரசீது

கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, இதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது என்றேன். அவர் வாயால்தான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன். டீச்சரிடமும் அவருக்குத் தெரிந்ததைப் பற்றி அதையே சொன்னேன். யாருக்கு முந்தித் தைரியம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் சந்திப்பில் கணவர் பர்ஸைத் திறந்து ரசீதை மேசையில் வைத்தார். விரித்து வைக்கவில்லை. மடித்தபடியே.

"உன் ஆரம். அடகுல இருக்கு."

"தெரியும்ங்க."

"எப்போ?"

"காதுகுத்துக்குப் போகும்போதே."

அவர் மாதங்களை விரல்விட்டு எண்ணினார். "ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். தினம் ராத்திரி பக்கத்துல படுக்கும்போது, இன்னிக்காவது சொல்வாரான்னுதான் உங்க முகத்தையே பார்த்தேன்."

அந்தப் பார்வையைத்தான் அவர் எடை போடும் பார்வை என்று எட்டு மாதம் நினைத்திருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. டீச்சர் கைப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ரசீதைப் பிரித்துப் படித்தார். வட்டியை மனக்கணக்காகப் போட்டுவிட்டு, "இவ்வளவு வட்டிக்கா வச்சீங்க, பேங்க்ல வச்சிருக்கலாமே" என்றார். கோபம்தான். ஆனால் எட்டு மாதத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் பேசிய முதல் வாக்கியம் அது.

கோபம் அன்றோடு தீரவில்லை. அடுத்த இரண்டு சந்திப்புகளும் முழுக்கப் பணம், அத்தை, டீச்சரின் சம்பளம் யார் கையில் என்பதிலேயே போயின. அவற்றைப் பாலியல் சிகிச்சை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மீண்டும் பயிற்சி

முதல் வேலையாகத் தாழ்ப்பாள் மாற்றினார்கள். கணவரே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அரை மணி நேரத்தில் மாட்டினார். மகளைப் பாட்டியோடு படுக்கச் சொன்னபோது அவள் பழகப் பத்து நாள் ஆனது. பிறகு மறுபடி தொடு உணர்வுப் பயிற்சி, இந்த முறை உள்ளங்கையிலிருந்து. கணவரிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன்: எப்படி நடக்கிறது என்று பார்க்காதீர்கள், கைக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். மறுவாரம் வந்து சொன்னார்: "ஆள்காட்டி விரல் பக்கத்துல சாக்பீஸ் பிடிச்சுப் பிடிச்சு ஒரு இடம் காய்ச்சிருக்கு மேடம். பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியாது."

ஆடியில் சந்திப்பு ஒரு வாரம் விட்டுப்போனது. கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் யாரும் யாருக்கும் நேரம் கொடுக்க முடியாது. குகை வண்டி வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில், மகள் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, கணவர் டீச்சரின் கையைப் பிடித்திருக்கிறார். வண்டிகள் எல்லாம் போய் முடியும்வரை விடவில்லை. இதைச் சொல்லும்போது டீச்சருக்கு வெட்கம் வந்தது. என் குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு அது மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

உடலுறவுத் தடையை ஒன்பதாம் சந்திப்பில் நீக்கினேன். அவர்கள் அதற்கு முந்தைய வாரமே மீறியிருந்தார்கள். இந்தப் பயிற்சியில் அடிக்கடி நடப்பதுதான். திட்டவில்லை. விறைப்பு ஒருமுறை போய்விட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பேசிக்கிட்டு இருந்தோம். அப்புறம் வந்துச்சு" என்றார் கணவர். போனது திரும்ப வரும் என்பதை அவர் உடம்பு கற்றுக்கொண்ட நாள் அது. மாத்திரையும் கட்டிங்கும் அதற்கு முன்பே நின்றிருந்தன.

மொத்தம் 11 சந்திப்புகள். புரட்டாசிக் கடைசியில் முடித்தோம். விறைப்பு வினாத்தாளில் அவருக்கு 21. "22 வரணும்னு சொன்னீங்களே, இன்னும் ஒரு மார்க் குறையுதே மேடம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் டீச்சர் தாளை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தை மாதம்

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார்கள், ஒரே வண்டியில். ஆரம் இன்னும் மீளவில்லை. டீச்சர் அதை வட்டி குறைந்த வங்கிக் கடனுக்கு மாற்றியிருக்கிறார். பட்டறையின் வெள்ளி வரவு-செலவு நோட்டையும் இப்போது அவர்தான் எழுதுகிறார். அத்தையோடு உரசல் அப்படியே இருக்கிறது. கணவருக்கு ஆர்டர் நெருக்கும் வாரங்களில் பழைய பதற்றம் எட்டிப் பார்க்கிறது, அந்த வாரங்களில் முதுகு பிடித்துவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்களாம்.

ஒரே ஒரு தம்பதி. இதைவைத்து எல்லார் வீட்டுச் சிக்கலுக்கும் அடகுக்கடைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் முதல் நாள் கேள்வித் தாளில் இப்போது இரண்டு வரி கூடியிருக்கிறது: வீட்டில் கடன் இருக்கிறதா, படுக்கையறைக் கதவு சாத்துமா.

கிளம்பும்போது கணவரை வண்டி எடுக்க அனுப்பிவிட்டு டீச்சர் கொஞ்சம் நின்றார். "அவருக்குச் சரியாயிடுச்சு. எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியலை மேடம். அதைப் பேசணும்." அடுத்த சந்திப்பை அவருக்கு மட்டும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.